ஸ்பிட்ஃபயர் மூக்கில் ஜெட் எஞ்சின்: பரணில் கிடைத்த பழைய கிட்டுக்கு ஒரு வழி

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, கப்பலில் வேலை பார்த்த எங்க பெரியப்பா அந்தக் காலத்தில் வாங்கி வந்த ஏர்ஃபிக்ஸ் ஸ்பிட்ஃபயர் மார்க் 9 கிட் ஒன்று பரணில் கிடைத்தது. 1/72 அளவு. புரொப்பல்லரைக் காணோம். காக்பிட் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. டெக்கால் எல்லாம் மஞ்சள். இதை வைத்து 1940களில் வந்திருக்கக்கூடிய, ஆனால் வராத ஒரு ஜெட் விமானம் செய்ய ஆசை. பழைய கிட்டை வெட்டலாமா? எங்கே ஆரம்பிக்க? நம்ம ஊரில் சாமான் கிடைக்குமா?"

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்பிட்ஃபயர் இரண்டாம் உலகப் போர் காலத்துப் பிரிட்டிஷ் புரொப்பல்லர் போர் விமானம். ஏர்ஃபிக்ஸ் கிட் என்பது அதைத் துண்டு துண்டாக ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி, 1/72 என்றால் நிஜ அளவில் 72இல் ஒரு பங்கு. டெக்கால் என்பது தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள். தாராளமாக வெட்டுங்கள் தம்பி. ஒரு துண்டுகூடப் பிரிக்காமல் பெட்டியோடு இருந்தால் "கை வைக்காதீங்க" என்று நானே தடுத்திருப்பேன். புரொப்பல்லரும் கண்ணாடியும் போன கிட்டைச் சேகரிப்பவர்கள் சீந்தமாட்டார்கள். தவிர, அந்த மார்க் 9 கிட் 1960இல் வந்தது. அப்புறம் பல வருடம் பெட்டிப் படத்தை மாற்றி மாற்றி அதையே விற்றார்கள். அரிய பொருள் என்று அஞ்ச வேண்டாம். புரொப்பல்லர் தொலைந்ததும் நட்டம் இல்லை, ஜெட்டுக்கு அது எதற்கு?

கத்தியை எடுப்பதற்கு முன் எஞ்சினை முடிவு செய்யுங்கள். இந்த வேலையில் எல்லாரும் சறுக்குவது இங்கேதான். மூக்கை அறுத்து ஒரு ஓட்டை, வாலில் ஒரு ஓட்டை, நடுவில் என்ன இருக்கிறது என்று யோசிப்பதே இல்லை. பார்க்கிறவருக்கு விமானம் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் ஏதோ இடிக்கிறது என்று பட்டுவிடும். காற்று எங்கே நுழைகிறது, எதன் வழியாகப் போகிறது, எங்கே வெளியே வருகிறது என்று விரலால் கோடு இழுத்துக் காட்ட முடிந்தால்தான் அது ஜெட்.

அந்தக் காலத்து ஜெட் எஞ்சின்களில் இரண்டு சாதி. பிரிட்டிஷ்காரர்கள், அங்கே ஜெட் எஞ்சினுக்கு முன்னோடியான ஃபிராங்க் விட்டில் என்பவரின் வழியில் செய்தது மையவிலக்கு வகை: குட்டை, ஆனால் பருமன். வாம்பயர் என்ற பிரிட்டிஷ் ஜெட் போர் விமானத்தில் இருந்த காப்ளின் எஞ்சினின் விட்டம் 1.27 மீட்டர். ஜெர்மானியர்கள் தயாரிப்புக்குக் கொண்டுபோனது அச்சு வகை: நீளம், ஆனால் ஒல்லி. மெசர்ஷ்மிட் 262 என்ற அவர்களின் ஜெட் போர் விமானத்தில் இருந்த யூமோ 004இன் விட்டம் 81 சென்டிமீட்டர், நீளம் 3.86 மீட்டர். இதை 72ஆல் வகுத்துப் பாருங்கள். காப்ளின் 17.6 மில்லிமீட்டர் பருமன், யூமோ 11 மில்லிமீட்டரும் கொஞ்சமும். இப்போது உங்கள் ஸ்பிட்ஃபயரின் மூக்கில் இருந்த மெர்லின் எஞ்சினைப் பாருங்கள். அதன் அகலம் 78 சென்டிமீட்டர். யூமோ அதைவிட மூன்று சென்டிமீட்டர்தான் அதிகம். எடையும் பக்கத்தில் பக்கத்தில்: மெர்லின் 61 சுமார் 744 கிலோ, யூமோ 719 கிலோ. ஒன்றை இறக்கி மற்றொன்றை ஏற்றினால் விமானத்தின் எடைச் சமநிலை பெரிதாகக் கெடாது. புரொப்பல்லர் போனதில் மூக்கு இன்னும் கொஞ்சம் இலேசாகும், அவ்வளவுதான்.

நான் என் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், ரஷ்யர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். யாக்-3 என்ற புரொப்பல்லர் விமானத்தின் மூக்கில் யூமோவை வைத்து யாக்-15 ஆக்கினார்கள். 1946 ஏப்ரல் 24 அன்று அது பறந்தது. எஞ்சின் மூக்கின் அடியில் சற்றே சாய்ந்து உட்கார்ந்திருக்கும், புகை விமானியின் காலுக்குக் கீழே, இறக்கைக்கு அடியில் வெளியேறும். வால் பக்கம் சக்கரம் அப்படியே இருந்தது. சூட்டில் ரப்பர் உருகிவிடும் என்று வால் சக்கரத்தையே முழுக்க எஃகில் செய்தார்கள். வயிற்றின் அடியில் சூடு தாங்கும் எஃகுத் தகடு. சுவீடனின் சாப் 21ஐயும் இப்படித்தான் மாற்றினார்கள். ஆனால் அதற்கு எஞ்சின் முதலிலேயே விமானியின் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் பருத்த காப்ளினும் பொருந்தியது. உங்கள் ஸ்பிட்ஃபயருக்கு யாக் வழிதான். காப்ளினை வயிற்றில் திணிக்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். நான் ஒருமுறை செய்து பார்த்தேன். நிறைமாதக் கர்ப்பிணி ஓடுவது மாதிரி இருந்தது.

எதிர்த் திசையிலும் ஒரு கதை உண்டு. மெசர்ஷ்மிட் 262க்கு ஜெட் எஞ்சின் தயாராகவில்லை என்பதால், 1941 ஏப்ரலில் அதை முதன்முதலில் பறக்கவிட்டபோது மூக்கில் ஒரு சாதா எஞ்சினும் புரொப்பல்லரும் இருந்தன. அமெரிக்கர்கள் தங்கள் முதல் ஜெட்டான பெல் எக்ஸ்பி-59ஏ விமானத்தைத் தரையில் நிறுத்தும்போது யாரும் சந்தேகப்படக் கூடாது என்று மூக்கில் ஒரு பொய்ப் புரொப்பல்லரை மாட்டி வைத்தார்கள். அந்தக் காலத்தில் நிஜமே இவ்வளவு கோமாளித்தனமாக இருந்தது, உங்கள் கற்பனைக்கு நிறைய இடம் இருக்கிறது.

சரி, வெட்டுக்கு வருவோம். உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். சேர்ப்பதைவிட எடுக்க வேண்டியது அதிகம். பக்கத்துக்கு ஆறாக இருக்கும் புகைக்குழாய்கள் போக வேண்டும். மூக்கின் அடியில் கார்புரேட்டருக்குக் காற்று இழுக்கும் வாய் போக வேண்டும். இறக்கைக்கு அடியில் பெட்டி மாதிரித் தொங்கும் இரண்டு ரேடியேட்டர்களும் போக வேண்டும். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். தண்ணீரால் குளிரும் எஞ்சினே இல்லாதபோது ரேடியேட்டர் எதற்கு? ரேடியேட்டரோடு நிற்கும் கற்பனை ஜெட், கிணறு தூர்ந்த பிறகும் கமலையை மாட்டி வைத்திருப்பது மாதிரி. அவற்றை ஒட்டாமல் விட்டு, இறக்கையில் அதற்கென இருக்கும் பள்ளத்தை அடைத்துத் தேய்த்துவிடுங்கள். பழைய ஏர்ஃபிக்ஸில் ஆணித் தலைகள் எல்லாம் புடைப்பாக, கொப்புளம் மாதிரி இருக்கும். அதையும் அதே மூச்சில் தேய்த்துவிடலாம்.

அப்புறம் மூக்கு. ஸ்பின்னர் (புரொப்பல்லரின் நடுவே இருக்கும் கூம்பு மூடி) உட்காரும் இடத்தில் செங்குத்தாக அறுத்துவிடுங்கள். நல்ல ரம்பம் இல்லையென்றால் புது ஆக்ஸா பிளேடு ஒன்று போதும், மெதுவாக இழுத்து அறுக்க வேண்டும், அழுத்தினால் பிளாஸ்டிக் சூடாகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். மூக்கின் அடிப்பகுதியைச் சுமார் 54 மில்லிமீட்டர் நீளத்துக்குத் திறந்துவிடுங்கள், அதுதான் 1/72இல் யூமோவின் நீளம். மெர்லின் வெறும் 31 மில்லிமீட்டர்தான் என்பதால் புது எஞ்சின் இறக்கையின் முன்விளிம்பைத் தாண்டி உள்ளே வரும். நிஜத்தில் இது பெரிய சிக்கல், இறக்கையைத் தாங்கும் உத்திரம் குறுக்கே நிற்கும். யாக்-15இல் அந்த உத்திரத்தை எஞ்சினுக்கு மேலாக வளைத்துவிட்டார்கள். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, இறக்கையின் அடித்தட்டில் நடுப்பகுதியை வளைவாக நறுக்கிவிட்டால் போதும்.

எஞ்சின் குழாய்க்கு எல்லாரும் முதலில் தேடுவது ஊசி போடும் சிரிஞ்ச். அளவு பொருந்தும், ஆனால் அது பாலிப்ரொப்பிலீன். சாதாப் பசை எதுவும் அதில் நிற்காது, பெயிண்டும் உரிந்து வரும். காகிதக் குழாய்தான் நல்லது. சரியான பருமனுள்ள மார்க்கர் பேனாவின் மேல் மெழுகு தடவி, சாதா ஏ4 தாளை ஃபெவிகால் பூசி நாலைந்து சுற்று சுற்றி, காய்ந்ததும் உருவிவிடுங்கள். வெளிப்புறம் ஃபெவிக்விக்கை மெல்லியதாக ஓடவிட்டால் கல் மாதிரி இறுகும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். 12 மில்லிமீட்டர் வெளி விட்டம் வந்தால் உறைக்கும் சேர்த்துச் சரியாக இருக்கும். குழாயை முன்பக்கம் மேலாகவும் பின்பக்கம் கீழாகவும் நாலைந்து டிகிரி சாய்த்து வையுங்கள். நேராக வைத்தால் புகை நேரே விமானத்தின் வயிற்றில் அடிக்கும்.

குழாய்க்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை எம்-சீல் வைத்து மூடுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து, ஈர விரலால் தடவித் தடவி, மூக்கில் இருந்து வயிறு வரை ஒரே வளைவாக இழுத்து வாருங்கள். இங்கே அவசரப்படாதீர்கள். மேல் உடலின் கோடு ஸ்பிட்ஃபயராகவே இருக்க வேண்டும், கீழ்க் கோடு மட்டும் தாடை மாதிரிப் புடைக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நிழலுருவைப் பாருங்கள். கரியில் வரைந்த மாதிரி அந்தக் கோடு கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு போனால் விட்டுவிடலாம். எங்காவது கண் தடுக்கினால் மறுபடி தேய்க்க வேண்டும். எனக்கு இந்த ஒரு வேலைக்கே மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகும்.

காற்று நுழையும் வாயின் நடுவில் ஒரு கூம்பு வேண்டும். யூமோவில் அது வெறும் அழகுக்கு இல்லை. அதற்குள் ரீடல் என்ற சின்ன இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் இருந்தது, ஜெட்டைச் சுழற்றி உயிர் கொடுக்க. அதன் நுனியில் ஒரு வளையம். மின்சாரத்தில் கிளப்ப முடியாவிட்டால், கயிறு இழுத்து ஜெனரேட்டர் ஸ்டார்ட் செய்கிறோமே, அப்படி அந்த வளையத்தை இழுப்பார்கள். பழைய பேனாவின் கூரான நுனியை ஒட்டி, மின்சார வயரில் இருந்து ஒற்றைச் செப்பு இழையை உருவி ஒரு வளையம் செய்துவிடுங்கள். என் விமானத்தைப் பார்க்க வந்தவர்கள் இந்த வளையத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.

சக்கரத்தைப் பற்றிக் குழம்ப வேண்டாம், வால் சக்கரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். மூக்குச் சக்கரம் வைத்தால் நவீனமாகத் தெரியும், ஆனால் ஸ்பிட்ஃபயரின் சக்கரங்கள் ஒட்டிய இடம் அதற்கு ஒத்துவராது. விமானம் வாலில் உட்கார்ந்துவிடாமல் இருக்க மூக்கில் தூண்டில் ஈயக்குண்டு அடைக்க வேண்டியிருக்கும், அடைக்க இடமும் இல்லை. ஆதிகால ஜெட்டுகள் பல வால் சக்கரத்தோடுதான் வந்தன. மெசர்ஷ்மிட் 262இன் முதல் மாதிரிகளே அப்படித்தான். 1942 ஜூலை 18 அன்று ஃப்ரிட்ஸ் வெண்டல் அதை ஜெட்டில் பறக்கவிட்டபோது, ஓடுதளத்தில் ஓடிக்கொண்டே பிரேக்கைத் தட்டி வாலை எழுப்ப வேண்டியிருந்தது. புரொப்பல்லரின் காற்று வாலில் படாததால் வால் தானாக எழவில்லை. பிரிட்டனின் சூப்பர்மரீன் அட்டாக்கர், ஸ்பிட்ஃபயருக்குத் தூரத்துச் சொந்தம்தான், அதுவும் வால் சக்கர ஜெட். முன் கால்களை மட்டும் இரண்டு மில்லிமீட்டர் குறைத்துவிடுங்கள். அந்த நீளம் புரொப்பல்லர் தரையில் இடிக்காமல் இருக்கத்தான். கால் குறைந்தால் வால் சாய்வும் குறையும், புகை தரையில் குத்தாமல் சற்றே விலகிப் போகும். எஞ்சினின் தாடை தரையில் முட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நம்ம கயத்தாறு பக்கம் ஒரு பழைய விமான ஓடுதளம் கிடக்கிறதே, அதன் ஓரத்துக் கரிசலில் இந்த மாதிரி ஜெட்டைக் கிளப்பினால் பின்னால் பள்ளம் பறித்துவிடும்.

வால் சக்கரத்தின் ரப்பர் மேல் எஃகு நிறம் அடியுங்கள். வயிற்றின் அடியில் சூட்டுத் தகடு வைக்க பரோட்டா பார்சலுக்குச் சுற்றித் தரும் வெள்ளித் தாள் போதும். சால்னா படாத துண்டாக எடுங்கள். பளபளப்பான பக்கம் வெளியே இருக்க, பின்பக்கம் மெல்லிய ஃபெவிகால் தடவி ஒட்டி, காதுக் குடையும் பஞ்சால் அழுத்தி நீவினால் நிஜத் தகடாகவே தெரியும்.

எரிபொருளை மறக்காதீர்கள். ஸ்பிட்ஃபயரின் முக்கியத் தொட்டிகள் விமானிக்கு முன்னால், எஞ்சினுக்குப் பின்னால், மேலே ஒன்று கீழே ஒன்றாக இருந்தன. மொத்தம் 85 காலன். யூமோ நீளமாக உள்ளே வந்ததும் கீழ்த் தொட்டியின் 37 காலன் போச்சு. ஜெட்டோ குடிகாரன். அதனால் இறக்கைக்கு அடியில் இரண்டு தொட்டி தொங்கவிடத்தான் வேண்டும். பழைய ஸ்கெட்ச் பேனா மூடிகள் இரண்டை எடுத்து, வாய்ப்பக்கம் எம்-சீலால் கூராக்கிவிடலாம். தொங்கவிட்டதும் விமானத்தின் தோற்றமே மாறும்.

பசை, பெயிண்ட் சங்கதி. பிளாஸ்டிக் கிட்டுக்கான பசை ஊரில் கிடைப்பது கஷ்டம், தபாலில் வாங்கிவிடுங்கள். அவசரத்துக்கு, ஆக்ரிலிக் ஷீட் வெட்டிப் பெயர்ப்பலகை செய்கிறவர்களிடம் தண்ணீர் மாதிரி ஒரு திரவம் இருக்கும். அது உங்கள் கிட் பிளாஸ்டிக்கையும் உருக்கி ஒட்டும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் தொட வேண்டும், மூடிய அறையில் வேண்டாம். கிட்டின் மிச்சச் சட்டத்தைப் பொடியாக நறுக்கி அதில் ஊறவைத்தால் கூழாகும். சின்ன இடுக்குகளை அடைக்க அதைவிட நல்லது எதுவும் இல்லை. ஆனால் கார் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் இருந்து தின்னர் வாங்கி நேரே பிளாஸ்டிக்கில் படவிடாதீர்கள். நான் முதலில் செய்த விமானத்தின் இடது இறக்கை அப்படித்தான், அப்பளம் பொரிந்த மாதிரி சுருண்டு போனது. மேலே நல்ல பிரைமர் பூசிய பிறகே எதையும் அடியுங்கள். தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கும் மாதங்களில் ஸ்பிரே பெயிண்ட் வேண்டாம். ஈரக்காற்றில் பெயிண்டின் மேல் வெள்ளை படியும். ஆடிக்காற்றில் மொட்டை மாடியில் அடித்தால் தெருப்புழுதி எல்லாம் இறக்கையில் இருக்கும்.

நிறம் உங்கள் கதையைப் பொறுத்தது. நான் சொல்லும் கதை இப்படி: போர் முடிந்ததும் ஜெர்மனியில் கைப்பற்றிய சில யூமோக்கள் கப்பலேறி பெங்களூரு இந்துஸ்தான் ஏர்கிராஃப்டுக்கு வருகின்றன, 1948இல் ஒரே ஒரு ஸ்பிட்ஃபயரில் மாட்டிப் பார்க்கிறார்கள். முழுக்கப் பொய்தான். ஆனால் சுற்றி இருப்பதெல்லாம் நிஜம். ஸ்பிட்ஃபயர்கள் நம் விமானப்படையில் இருந்தன, 1947-48 காஷ்மீர் சண்டையில் பறந்தன. அதே 1948இல் அதே பெங்களூரு ஆட்கள், கான்பூரில் பிரிட்டிஷ்காரர்கள் வேண்டுமென்றே உடைத்துப் போட்டுவிட்டுப் போன லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைச் சரிசெய்து பறக்கவிட்டார்கள். அந்த வருட நவம்பரில் வாம்பயர் வந்துவிட்டது. அதனால் உங்கள் விமானத்துக்குச் சில மாதம்தான் ஆயுசு. ஒன்றே ஒன்று செய்து கைவிட்டார்கள் என்பதற்கும் காரணம் கிடைத்துவிட்டது.

முழு வெள்ளி நிறம் ஆசையாக இருக்கும், ஆனால் ஒரு மயிரிழைக் கீறலைக்கூடக் காட்டிக்கொடுக்கும். முதல் முயற்சி என்றால் பழைய பச்சை, சாம்பல் உருமறைப்பையே அடித்து, மூக்கின் அடி உறையை மட்டும் வெள்ளியாக விடுங்கள். யூமோவில் நிக்கல், குரோமியம் தட்டுப்பாட்டால் மட்டமான உலோகம் போட்டிருந்தார்கள், 25 மணி நேரம் ஓடினாலே பெரிது. அடிக்கடி கழற்றி மாட்டுகிற உறை உடலோடு நிறம் ஒத்துப்போகாமல் இருப்பதுதான் இயல்பு. உறை சேரும் இடத்தில் திருகுகளைச் சுற்றி கொஞ்சம் அழுக்கு, வயிற்றில் புகைக் கரி. கரிக்கு பென்சில் தூளே போதும்.

மஞ்சளான டெக்கால்களைத் தூக்கிப் போடாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டி வையுங்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலுக்குச் சீக்கிரமே மஞ்சள் வெளுத்துவிடும். அப்புறம் மேலே தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சு, இல்லாவிட்டால் தண்ணீரில் போட்டதும் தூள் தூளாகும். சின்ன எழுத்துகளுக்கு அவற்றை வைத்துக்கொண்டு, வட்டச் சின்னத்தைப் புதிதாகச் செய்ய வேண்டும். 1948 என்றால் வெள்ளையில் நீல அசோகச் சக்கரம். காவி, வெள்ளை, பச்சை வட்டம் அப்புறம்தான் வந்தது, அதைப் போட்டால் தெரிந்தவர்கள் பிடித்துவிடுவார்கள். கம்ப்யூட்டரில் வரைந்து, டெக்கால் தாளில் ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்ட் எடுங்கள். இங்க்ஜெட் என்றால் தண்ணீரில் கரைந்துவிடும்.

கண்ணாடிக் கூண்டு கடைசி. விரிசல் விட்டதை ஒட்டப் பார்க்காதீர்கள். அதன் உள்ளே எம்-சீல் அடைத்து இறுகவிட்டு, எடுத்து வழுவழுவென்று தேய்த்தால் அச்சு கிடைக்கும். அதை ஒரு குச்சியில் நட்டு, தண்ணீர் பாட்டிலின் நேரான நடுப்பகுதியை வளையமாக வெட்டி மேலே மாட்டி, மெழுகுவர்த்திக்குச் சற்று மேலே, தீ படாமல் காட்டிச் சுற்றுங்கள். பாட்டில் சுருங்கி அச்சோடு ஒட்டிக்கொள்ளும். முதல் இரண்டு கருகும், மூன்றாவது சரியாக வரும். பாட்டில்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.